தொடாத துணை

கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவைச் சுற்றிவருவதற்காக 1979ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி ஒருவர் துவிச்சக்கரவண்டியில் ஏறினார். அவர் ஓட்டத்தை நிறுத்தியபோது மே 10ஆம் திகதி ஆகிவிட்டது. இடையிற் கழிந்தவை 187 மணித்தியாலங்களும் 28 நிமிடங்களுமாகும். வல்வெட்டித்துறையில் 1943இற் பிறந்தவரும், சட்டத்தரணியும், பாக்கு நீரிணையை நீந்தி 'ஆழிக்குமரன்' என்ற பெயரைப் பெற்றவருமான ஆனந்தனே அவர். அச்செயல் உலகச் சாதனை நூலில் இடம்பெற்றது. நூலில் உள்ள பெயர் ஒன்றே. அவ்வாறு இருப்பதே முறை என்றும் எவருக்கும் தோன்றும்.

ஆயினும் அந்த நூற்றெண்பத்தேழு மணித்தியாலங்களைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். வண்டியை விட்டு இறங்காதவன் தண்ணீர் குடித்தாக வேண்டும்; உண்ண வேண்டும்; கண் செருகும்போது யாரேனும் அவன் பெயர் சொல்லி அழைத்தாக வேண்டும். சாதனை ஏற்கப்பட வேண்டுமாயின் இரவும் பகலும் சாட்சிகள் இருந்து நேரத்தைக் குறித்துக் கையொப்பம் இடவும் வேண்டும். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவதாகக் கொண்டாலும் நாற்பத்தேழு முறை ஆட்கள் மாறியிருப்பர். பகல் முறைகளுக்கு ஆள் கிடைத்தல் அரிதன்று; வேடிக்கை பார்க்க வருவோரும் உடன் நிற்பர். விடியப்புறம் மூன்று மணிக்கு, நகர மண்டபத்தின் எதிரே வீதி வெறிச்சோடிக் கிடக்கையில், அதே சுற்றை ஆயிரத்தோராவது முறையாக வருபவனுக்காகக் கையில் ஒரு போத்தலோடு காத்து நிற்பவன் எத்தகையவன்? அவனுக்குப் புகழ் இல்லை. செயலின் இன்பமும் அவனுக்கில்லை. தூக்கம் மட்டும் அவனுக்கும் இல்லை. தனியொருவரின் சாதனைக்குத் துணைநிற்போரின் நிலை யாது, அவர்களுக்குரிய அறம் யாது என்னும் வினா இவ்விடத்தே பிறக்கின்றது.

முதலில் எளிதான ஓர் ஐயத்தை நீக்கிவிடலாம். இத்தனை பேர் உதவியபின் அச்செயலைத் 'தனி' என்பது பொய்யன்றோ எனச் சிலர் கேட்பர். பனிக்கண்டப் பயணங்களைப் பற்றி இவ்வழக்கு மேனாட்டில் ஓயாது நடைபெறுகின்றது. அமெரிக்கரான கொலின் ஓபிறேடி 2018இல் 54 நாள்களில் அந்தாட்டிக்காவைத் தன்னந்தனியே, உதவியின்றிக் கடந்ததாக அறிவித்தபோது, தென்முனைக்குப் பின் அவர் சென்ற வழி வாகனங்களுக்காகச் செப்பனிடப்பட்ட தடமாயிற்றே எனப் பழைய பயணிகள் மறுத்தனர். செப்பனிட்ட பாதையும் ஓர் உதவி என்பது அவர்கள் வாதம். அதனை நெடுந்தூரம் இழுத்துச் சென்றால் அவர் அணிந்த காலணியைத் தைத்தவரும் உதவியாளரே ஆவார்; பின் தனிச்செயல் என்று உலகில் ஒன்றுமே எஞ்சாது. கைம்மாற முடியாத சுமை எதுவோ அதனைச் சுமத்தலே இங்குத் தனிமை எனப்படுகின்றது. கடலின் குளிரை வேறொருவர் தம் உடம்பில் ஏற்றுக்கொள்ள இயலாது. பூங்காவைச் சுற்றியவரின் முழங்கால் நோவைச் சாட்சிகள் பங்கிட்டுக்கொள்ள இயலாது. உதவி பெற்றமையை மறைத்தல் குற்றம், பெறுதல் குற்றமன்று. இவ்வளவோடு இவ்வையத்தை விட்டுவிடலாம். கடினமான வினா வேறிடத்தில் இருக்கின்றது.

அதனைக் காண்பதற்குக் கடலுக்குத்தான் செல்ல வேண்டும். பாக்கு நீரிணையின் நீச்சல் வரலாறு நெடியதன்று. 1954 மார்ச் மாதத்தில் நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரை வரை ஏறத்தாழ 27 மணித்தியாலம் நீந்திச் சென்றார். 1966 ஏப்பிரிலில் வங்காளத்தவரான மிகிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீந்தினார். இந்தியக் கடற்படைக் கலங்கள் அவருடன் சென்றன. 1964 டிசெம்பர்ப் புயலில் அழிந்துபோன ஊரொன்றை இலக்காகக் கொண்டு ஒருவர் நீந்தினார் என்பதை இங்கு இடையே குறிப்பிடலாம். பின்னர் 1970களில் ஆனந்தன் அந்நீரிணையைக் கடந்ததோடு நில்லாது, திரும்பியும் நீந்தி வந்தார். போய்வர எடுத்தது 51 மணித்தியாலத்துக்கு மேல். இரண்டு இரவுகள் கடலில் கழிந்தன. கடற்பாம்பும் சொறியும் நிறைந்த, ஆழம் குறைந்து நீரோட்டம் மிகுந்த அக்கடலில் நீந்துபவன் தலைக்கு மேல் வானத்தையும் கண்முன் ஒரு சாண் நீரையுமே காண்பான். தான் கரையை நோக்கிச் செல்கின்றானா, நீரோட்டம் தன்னைப் பக்கவாட்டில் அள்ளிச் செல்கின்றதா என்பது அவனுக்குத் தெரியாது. படகில் இருப்பவனுக்கே அது தெரியும். எனவே நீந்துபவனின் கண்ணும் கடிகாரமும் அறிவும் ஓரளவுக்கு அவனுக்கு வெளியே, படகில் இருக்கின்றன எனலாம்.

இத்தகைய நீச்சலுக்கு ஒரு விதி உண்டு. ஆங்கிலக் கால்வாய் நீச்சலுக்கென 1927இல் அமைக்கப்பட்ட சங்கம் அதனைத் திட்டமாக வகுத்துள்ளது. நீந்துபவன் படகைத் தொடலாகாது; படகிலுள்ள எவரும் அவனைத் தொடலாகாது. உணவைக் கோலின் நுனியிலோ கயிற்றிலோ கட்டி நீட்டலாம்; ஊட்டலாகாது. 1875இல் அக்கால்வாயை முதன்முதல் நீந்திக் கடந்த மத்தியூ வெப் என்ற கப்பற் கப்டனுக்கும் படகிலிருந்தே உணவும் பானமும் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ 22 மணித்தியாலம் எவரும் அவரைத் தொடவில்லை. தொட்டால் நீச்சல் அக்கணமே முடிந்துவிடும். இவ்விதியின் விளைவைச் சிந்திக்க வேண்டும். துணைநிற்பவனின் கை நீந்துபவனுக்கு உயிரளிக்கவல்லது. அதே கை அவன் பல்லாண்டு உழைப்பை ஒரு நொடியில் ஒன்றுமில்லாததாக்கவும் வல்லது. ஒரே அசைவில் இரண்டும் நிகழ்கின்றன. தாதியோ வைத்தியரோ இத்தகைய நிலையில் வைக்கப்படுவதில்லை. நோயாளியைத் தொடுதல் அவர்களுக்கு இழப்பன்று. திருக்குறள் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒருவனாக 'உழைச்செல்வான்' எண்ணப்படுகின்றான். நோயுற்றவனின் பக்கத்திருந்து பணிபுரிபவன் அவன். படகில் இருப்பவனும் உழைச்செல்வானே. ஆனால் பக்கத்திருந்தும் தொடமுடியாத உழைச்செல்வான்.

கேட்றூட் எடேர்லி என்னும் அமெரிக்க நங்கையின் கதை இதனை நன்கு விளக்கும். 1925 ஓகஸ்ட்டில் அவர் கால்வாயில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நீந்திக்கொண்டிருக்கையில், பயிற்சியாளர் அவர் மூழ்குவதாகக் கருதி, உடன் நீந்திய ஒருவரை அனுப்பி அவரைப் பிடிக்கச் செய்தார். முயற்சி முடிந்தது. தாம் மூழ்கவில்லை, சற்று ஓய்வெடுத்தே கிடந்தோம், தொடர்ந்து நீந்தியிருப்போம் என்று எடேர்லி வாதிட்டார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி அவர் வேறொரு பயிற்சியாளருடன் மீண்டும் இறங்கினார். தந்தையும் தமக்கையும் துணைக் கப்பலில் இருந்தனர். தாமே கேட்டாலன்றி எவரும் தம்மைத் தொடலாகாதென அவர் முன்னரே சொல்லிவைத்திருந்தார் என்பர். கடல் கொந்தளித்தது, கப்பலில் இருந்தோர் வெளியே வருமாறு கூவினர், அவர் மறுத்துவிட்டார். பதினான்கரை மணித்தியால அளவில் கரையேறி, அதுவரை ஆண்கள் எடுத்த நேரங்கள் யாவற்றையும் குறைத்தார்.

முதலாண்டில் தொட்டவர் பிழை செய்தார், இரண்டாமாண்டில் தொடாதவர்கள் சரி செய்தனர் என்று முடிவு கட்டுதல் எளிது. அம்முடிவு பயனை மட்டும் பார்த்து எழுதிய முடிவாகும். 1925இல் அவர் உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருந்தால்? 1926இல் அலை அவரை விழுங்கியிருந்தால்? படகில் நின்றவர்களின் கண்முன் இருந்தது ஏறத்தாழ ஒரே காட்சிதான்: நீரில் சோர்ந்து கிடக்கும் ஓர் உடல், போதும் என்று சொல்லாத ஒரு வாய்.

ஜோன் ஸ்ரூவர்ட் மில் 1859இல் எழுதிய சுதந்திரம் பற்றிய நூலில் பாலம் ஒன்றை எடுத்துக்காட்டுகின்றார். இடிந்துவிழும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவன் அறியாது கால்வைக்கப் போகின்றான். எச்சரிக்க நேரமில்லாவிடின் அவனைப் பிடித்து நிறுத்தலாம். அதனால் அவன் சுதந்திரம் கெடாது, ஏனெனில் ஆற்றில் விழ அவன் விரும்பவில்லை. ஆனால் ஆபத்து உறுதியன்றி ஐயமளவில் இருந்து, அதை அறிந்தே அவன் செல்வதாயின், எச்சரிப்பதோடு நிற்க வேண்டும் என்பது மில்லின் துணிபு. குழந்தைகளையும், சித்தம் தடுமாறியவர்களையும், தம்மை மறந்த நிலையில் உள்ளவர்களையும் அவர் இவ்விதியிலிருந்து விலக்குகின்றார். நீச்சலுக்கு இக்கோட்பாட்டைப் பொருத்த முயன்றால் அவ்விலக்கே முழு வழக்கையும் விழுங்கிவிடுகின்றது. குளிர்நீரில் உடல்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் மனிதனின் தீர்ப்புத் தடுமாறுகின்றது, பேச்சுக் குழறுகின்றது, தனக்கு ஒன்றுமில்லை என்று அவன் சாதிக்கவும் கூடும். அவன் சித்தம் தெளிவாக இருக்கும்போது காப்பாற்ற வேண்டிய தேவையில்லை. காப்பாற்றும் தேவை வரும்போது அவன் சொல்லை அவன் சொல்லாக ஏற்க முடியவில்லை.

கிரேக்கக் காவியத்தின் யுலிசிஸ் இதற்கு ஒரு வழி காட்டினான். மோகினிகளின் பாட்டைக் கேட்கவேண்டும், ஆனால் அதனால் அழியலாகாது எனக் கருதிய அவன், தன்னைப் பாய்மரத்தில் கட்டும்படியும், அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினால் இன்னும் இறுக்கிக் கட்டும்படியும் மாலுமிகளுக்குக் கட்டளையிட்டான். அவர்கள் அவ்வாறே செய்தனர். இங்கே பின்னைய விருப்பத்தை முன்னைய விருப்பம் கட்டுகின்றது. மாலுமிகள் கீழ்ப்படியாமையாலேயே கீழ்ப்படிகின்றனர். நீந்துபவனும் புறப்படுமுன் தன் குழுவினரோடு இத்தகைய உடன்பாட்டைச் செய்துகொள்ளலாம்: கேள்விக்கு விடை சொல்லத் தவறினால், கைவீச்சு இன்ன எண்ணிக்கைக்குக் குறைந்தால், என்னைத் தூக்கிவிடுங்கள் என்று. நல்ல குழுக்கள் அவ்வாறே செய்கின்றன. ஆயினும் யுலிசிசின் நிலை வேறு. கட்டுண்ட அவன் கெஞ்சியது அழிவை நோக்கிப் போவதற்காக. அவனைக் கட்டிவைத்தல் ஐயமின்றி அவனுக்கு நன்மை. நீந்துபவன் கெஞ்சுவதோ, தான் தெளிவாக இருந்தபோது பல ஆண்டுகளாக விரும்பிய அதே பொருளுக்காக. 'என்னைக் காப்பாற்றுங்கள்' என்றதும் அவன் தெளிந்த விருப்பமே. 'என்னை முடிக்க விடுங்கள்' என்றதும் அவன் தெளிந்த விருப்பமே. எந்த விருப்பத்துக்கு விசுவாசமாக இருப்பது என்பதைப் படகிலிருப்பவன் அப்போதைக்கப்போது தன் கண்ணால் அளந்து தெரிந்தாக வேண்டும். முன்னைய உடன்பாடு இவ்வளத்தலுக்கு உதவும். அதன் இடத்தில் தான் நின்றுவிட முடியாது.

தூரத்திலிருந்து துணைநிற்போருக்கு இவ்வளத்தலும் வாய்ப்பதில்லை. 1912 மார்ச் 3ஆம் திகதி அந்தாட்டிக்காவின் 'ஒரு தொன்' உணவுக்கிடங்கை அடைந்த அப்ஸ்லி செரி-கராட் என்ற இளைஞர், தென்முனையிலிருந்து திரும்பிவரும் ஸ்கொட்டின் குழுவை எதிர்பார்த்து ஒரு வாரம் அங்கே தங்கினார். பனிப்புயல் வீசியது, நாய்களுக்கு உணவு குறைந்தது, நாய்களை இழக்கும் நிலைக்குச் செல்லலாகாதென்பது அவருக்கிட்ட கட்டளை. மார்ச் 10ஆம் திகதி அவர் திரும்பினார். அன்று ஸ்கொட் அவ்விடத்திலிருந்து ஐம்பது மைலுக்கு மேற்பட்ட தொலைவில் வந்துகொண்டிருந்தார். பின்னர் கிடங்குக்குப் பதினொரு மைல் தெற்கே, கூடாரத்தினுள் எஞ்சிய மூவரும் இறந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அக்கூடாரத்தைக் கண்டெடுத்த குழுவில் செரி-கராட்டும் இருந்தார். கட்டளையை அவர் மீறவில்லை. அன்றிருந்த அறிவுக்கு அவர் செய்தது சரியே. எவரும் அவரைத் தண்டிக்கவுமில்லை. எனினும் 1959இல் இறக்கும்வரை அந்தப் பதினொரு மைல் அவரை விட்டு நீங்கவில்லை. குற்றமில்லாதவிடத்துக் குற்றவுணர்வு நோய் என்பர் உளவியலார். அது முற்றிலும் சரியன்று. துணைநிற்க ஒப்புக்கொண்டவன் விளைவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றான். தன் பிழையால் நேர்ந்தாலும் நேராவிடினும் அப்பங்கு அவனுடையது. அதை உணராதவனைப் படகில் ஏற்றாதிருப்பதே நன்று.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. ஷாக்கிள்டன் அந்தாட்டிக்காவைக் கடக்க முற்பட்டபோது, மறுகரையான றொஸ் கடலில் இறங்கிய பத்துப் பேர் அவர் வரும் வழியில் உணவுக்கிடங்குகள் அமைக்கும் பணியை ஏற்றனர். 1915 மேயில் அவர்கள் கப்பலைப் புயல் அடித்துச் சென்றுவிட்டது. தமக்கே போதிய உடையும் உணவும் இல்லாத நிலையில், பிறருக்கான உணவைச் சுமந்து சென்று 1916 ஜனவரியில் கடைசிக் கிடங்கை வைத்து முடித்தனர். மூவர் மாண்டனர். ஷாக்கிள்டனின் கப்பலோ அதற்கு முன்னரே, 1915 நவம்பரில், மறுபுறத்துக் கடலில் மூழ்கிவிட்டது. அவ்வுணவை உண்ண எவரும் வரவில்லை. பயன் நோக்கிக் கணக்கிடுவோருக்கு இது முற்றிய வீண். அவ்வாறு கூறுவோர், அம்மனிதர்கள் பனியில் நடந்தபோது தாம் என்ன செய்வதாக எண்ணி நடந்தனர் என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒருவன் தம்மை நம்பி மறுபுறத்திலிருந்து புறப்பட்டிருக்கின்றான் என்பதே அவர்கள் அறிந்தது. அந்நம்பிக்கைக்கு உரியவர்களாக அவர்கள் இருந்தனர். அவன் வந்தானா என்பது வேறு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இவற்றை நூல்வழி அறியவேண்டிய தேவை குறைவு. 1983க்குப் பின்வந்த ஆண்டுகளில் இளைஞர் பலர் 'தனியே' வெளிநாடு புறப்பட்டனர். அத்தனிமையின் பின்னே அடகுக்குச் சென்ற தாலிக்கொடியும், ஈடுவைத்த காணியும், காலி வீதித் தொலைபேசிக் கடைகளில் பெயர் கூப்பிடும்வரை வாங்கில் அமர்ந்திருந்த தாய்மாரும், கொச்சிக்கடை அந்தோனியாரிடத்தும் பொன்னம்பலவாணேசர் சந்நிதியிலும் வைத்த நேர்த்திகளும் இருந்தன. இடைநாடு ஒன்றில் அகப்பட்ட மகன், பனியில் எல்லை கடக்கப் போவதாகச் சொல்லும்போது, 'திரும்பி வா மோனை' என்பதா, 'கவனமாய்ப் போ' என்பதா? அத்தாயும் தொடமுடியாத தூரத்தில் நின்றே தீர்ப்புச் சொல்ல வேண்டியவளாயினாள். அவள் சொல்லைக் கேட்டுத் திரும்பியவன் பின்னாளில் அவளை நொந்துகொண்டதும் உண்டு.

துணைநிற்போரின் சுமை ஒன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. காலத்துக்கு முன் தூக்கிவிட்டால், தூக்காதிருந்தால் அவன் இறந்திருப்பான் என்பதை ஒருகாலும் நிறுவ இயலாது. பிழைத்தவன் கரையிலிருந்து, 'நான் முடித்திருப்பேன்' என்றே சொல்வான், எடேர்லி சொன்னதுபோல. காலம் தாழ்த்தினாலோ அதன் சான்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சரியாகச் செய்த உதவிக்குச் சான்றில்லை. தவறியதற்கு மட்டுமே சான்றுண்டு. இதனை அறிந்தவன் அஞ்சி எப்போதும் முன்கூட்டியே தூக்குவானாயின், அவன் காப்பது நீந்துபவனையன்று, தன்னையே. ஹென்றி வேர்ஸ்லி 2016 ஜனவரியில் 71 நாள் தனியே நடந்தபின், இலக்குக்கு ஏறத்தாழ முப்பது மைல் இருக்கையில், செய்மதித் தொலைபேசியில் தாமே உதவி கோரினார்; விமானம் சென்று அவரை மீட்டது; ஆயினும் ஜனவரி 24ஆம் திகதி சிலி நாட்டு மருத்துவமனையில் இறந்தார். நாள்தோறும் அவர் குரலைக் கேட்டவர்களுக்கு அக்குரலைத் தவிர அளவுகோல் வேறு இருக்கவில்லை. அவர் கேட்கும்வரை காத்திருந்தமை பிழையென்று சொல்லத் துணிவோர் தம்மை அக்குரலின் மறுமுனையில் நிறுத்திப் பார்த்துச் சொல்லட்டும்.

ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயில் இறங்கியதும் ஓர் ஓகஸ்ட் மாதத்திலேயாகும். பாக்கு நீரிணையின் நீர் இளவெந்நீர் போன்றது; கோடையின் உச்சத்திலும் கால்வாயின் நீர் பதினாறு முதல் பதினெட்டுப் பாகை வரையிலேயே நிற்கும். ஐம்பத்தொரு மணித்தியாலம் கடலில் கிடந்த உடலுக்கும் அது புதிய பகை. 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி அம்முயற்சியிலேயே அவர் உயிர் நீத்தார். எடேர்லி கரையேறியதும் அதே நாள், ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன். வல்வெட்டித்துறை அவர் பெயரை மறக்கவில்லை. நீரிணையில் இரண்டு இரவுகள் விளக்கை ஏந்தி அவர் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் பெயர்களும், பூங்காவில் விடியப்புறம் மூன்று மணிக்கு நின்றவர்களின் பெயர்களும் எந்தச் சாதனை நூலிலும் இல்லை.

கால்வாயில் இன்று வழக்கு வரையறுக்கப்பட்டுள்ளது. நீச்சலை எப்போது நிறுத்துவதென்பதில் படகோட்டியின் சொல்லே இறுதியானது. அதற்கு உடன்பட்ட பின்னரே நீந்துபவன் இறங்கலாம். அவ்வுடன்பாட்டில் அவன் கையொப்பமிடும்போது கரையில், உலர்ந்த உடையுடன், நன்றாக உண்டு உறங்கி எழுந்தவனாக இருக்கின்றான்.